பழைய வண்டியின் முன் ஹப்புக்கு ஒரு பிரேக் கிட்: லைனிங் அருமை, ஸ்பிரிங் சுமார்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களிடம் பிரேக்கைப் பற்றிப் பேசினால், "அந்தக் காலத்து டிரம் பிரேக் அவ்வளவுதான் பிடிக்கும், பார்த்து ஓட்ட வேண்டியதுதான்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பிரேக் பிடிக்கும்போது விரிந்து உரசும் வளைந்த ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்சுவரில் முழுசாகப் படிந்தால் 7 அங்குல டிரம்மே அந்த வண்டிகளின் வேகத்துக்குத் தாராளம். பெரும்பாலும் அது படிவதில்லை, அதுதான் பிரச்சினை. அதைச் சரிசெய்யத்தான் இந்த கிட்டை வாங்கினேன். தடித்த லைனிங் (டிரம்மில் உரசும் பட்டை) ஒட்டிய இரண்டு ஷூ, இரண்டு ஸ்பிரிங், இரண்டு பேரிங், ஓர் ஆயில் சீல். பெட்டியில் இருப்பது இவ்வளவுதான்.

இதன் மதிப்பு முழுக்க லைனிங்கில் இருக்கிறது. பல வருடம் ஓடிய டிரம் உள்ளே தேய்ந்து விட்டம் கூடியிருக்கும். கோட்டம் எடுக்க லேத்தில் கடைந்திருந்தால் இன்னும் கூடும். அதில் சாதாரண அளவு ஷூவைப் போட்டால் நடுவில் மட்டும் தொடும், இரண்டு ஓரமும் சும்மா நிற்கும். இந்த கிட்டில் லைனிங்கை வேண்டுமென்றே தடிப்பாக விட்டிருக்கிறார்கள், நம் டிரம்முக்கு ஏற்பக் கடைந்துகொள்வதற்காக. அப்படியே எடுத்து மாட்டினால் டிரம்முக்குள் போகாது. "சைஸ் தப்பு" என்று யாரும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கடைகிற முறை முக்கியம். முதலில் டிரம். ஸ்போக்ஸின் இழுவிசையே டிரம்மை லேசாக ஓவலாக்கிவிடும். அதனால் ரிம்மோடு கோத்து, ஸ்போக்ஸை இறுக்கி முடித்த சக்கரத்தைத்தான் லேத்தில் ஏற்ற வேண்டும். ஹப்பை (டிரம் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) மட்டும் தனியாகக் கடைந்துவிட்டு அப்புறம் ஸ்போக்ஸ் கட்டினால் செய்த வேலை வீண். அடுத்து ஷூ. ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட்டிலேயே அதை மாட்டி, ஷூவை விரிக்கும் கேமுக்கும் ஷூவுக்கும் நடுவே மெல்லிய தகடு வைத்து, லேசாக விரிந்த நிலையில் டிரம்மின் உள்விட்டத்துக்குச் சற்றுக் குறைவாகக் கடைய வேண்டும். எனக்கு லேத்தில் செய்து கொடுத்தவர் இதை நான் சொல்லாமலே செய்தார். லைனிங் பிசிறு தட்டாமல், ஓரம் உதிராமல் சீராகக் கடைபட்டது. ஒட்டியிருந்த இடத்தில் எங்கும் விரிசல் இல்லை.

சுற்றுகிற திசையிலேயே விரியும் ஷூவை டிரம் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். பிரேக்கின் பலத்தில் பெரும்பங்கு அந்த ஒரு ஷூவுடையது. ஆனால் அதன் முன் ஓரம் கூர்மையாக இருந்தால் திடீரென்று கவ்வும், கிறீச்சிடும். அரத்தால் அந்த ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்துவிட்டேன். பிறகு லைனிங் முழுக்கச் சாக்பீஸ் பூசி, மாட்டி, சக்கரத்தைச் சுற்றி லேசாகப் பிரேக் பிடித்துக் கழற்றிப் பார்த்தேன். ஓரம் முதல் ஓரம் வரை சாக்பீஸ் அழிந்திருந்தது. நடுவில் மட்டும் பளபளத்துக் கிடந்த பழைய ஷூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பழக்கம் காரணமாக நல்ல மெக்கானிக்குகளே இதில் அசட்டையாக இருப்பது எனக்கு வருத்தம்.

பேரிங் 6203-2RS. அதாவது உள்துளை 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12, இரண்டு பக்கமும் ரப்பர் சீல். பழைய திறந்த பேரிங் மாதிரி கழற்றிக் கழுவிக் கிரீஸ் வைக்கும் வேலை இல்லை. அகலம் பழைய பேரிங்கின் அதே அளவு என்பதால் நடுவில் இருந்த ஸ்பேசர் குழாய் அப்படியே பொருந்தியது. அந்தக் குழாயைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் ஆக்ஸில் நட்டை முறுக்கினால் பேரிங் இரண்டும் உள்நோக்கி நெருக்கப்பட்டுச் சீக்கிரம் போய்விடும். அலுமினியம் ஹப் என்றால் அடித்து இறக்கத் தேவையில்லை. தண்ணீர்த் துளி விட்டால் சுர்ரென்று ஆவியாகும் அளவுக்குச் சூடாக்கினால் போதும், இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால் பேரிங் தானாக இளகும். புதியதைத் தட்டி ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கள். உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும்.

ஸ்பிரிங்தான் ஏமாற்றம். பழையதைவிடத் தளர்வாக இருந்தது, பிரேக்கை விட்டபின் ஷூ சோம்பலாகத் திரும்பியது. பழைய ஸ்பிரிங்கையே கழுவித் திரும்பப் போட்டேன். ஆயில் சீல் பரவாயில்லை. மாட்டும் முறையைச் சொல்லும் ஒரு துண்டுக் காகிதம்கூடப் பெட்டியில் இல்லை, தடித்த லைனிங்கை விற்பவர்கள் அதைக் கடைய வேண்டும் என்றாவது அச்சிட்டிருக்க வேண்டும்.

மாட்டி முடிக்கும்போது ஆக்ஸில் நட்டை உடனே இறுக்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறுக்குங்கள். பிரேக் பிளேட் நடுவில் வந்து உட்காரும். ஷூ டிரம்மைத் தொடும் நிலையில் கேபிளுக்கும், கேமைத் திருப்பும் பிரேக் ஆர்முக்கும் இடையே 90 டிகிரி இருக்கிறதா என்றும் பாருங்கள், அதைத் தாண்டினால் இழுப்பின் பலம் குறையும்.

இப்போது லிவரை இரண்டு விரலால் பிடித்தாலே வண்டி அடங்குகிறது. இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால் டிரம் சூடாகிப் பிடிப்பு கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. நல்ல லேத் வேலைக்கு வழியில்லாதவர்கள் சாதாரண அளவு ஷூவையே வாங்குங்கள், இது உங்களுக்கு உதவாது. பின் சக்கரத்துக்கும் இதே கிட்டைத்தான் வாங்கப் போகிறேன், ஸ்பிரிங்கை மட்டும் வேறு இடத்தில்.