மே மாதத்தில் மாரா வேண்டாம்: நெல்லையில் விற்கும் கென்யா சபாரி பேக்கேஜ், ஒரு மதிப்பீடு

நெல்லை டிராவல்ஸ் கடைகளில் துபாய், சிங்கப்பூர், மலேசியா நோட்டீஸ்களுக்கு நடுவே இப்போது சிங்கம் படம் போட்ட நோட்டீசும் தொங்குகிறது. கென்யா சபாரி, 7 இரவு 8 பகல், சென்னை புறப்பாடு. கடைக்குக் கடை பெயர்தான் மாறுகிறது. உள்ளே இருக்கும் திட்டம் ஏறக்குறைய ஒன்றே. நைரோபியில் ஓர் இரவு, பிறகு மூன்று வனவிலங்குப் பூங்காக்கள்: அம்போசெலியில் இரண்டு, நகுரு ஏரியில் ஒன்று, மசாய் மாராவில் இரண்டு, கடைசியில் மறுபடியும் நைரோபியில் ஒன்று. இந்த மதிப்பீடு அந்தத் திட்டத்துக்குத்தான், எந்தக் கடைக்கும் அல்ல. ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். மூன்றும் இடத் தேர்வுக்கு. போன இரண்டில் ஒன்று மாதத்துக்கு, இன்னொன்று வண்டிக்கு.

முதலில் மாதம். பள்ளிக்கூடம் அடைத்தால்தான் நம் வீடுகளில் பயணம் என்பதால் நோட்டீஸ் ஏப்ரல், மே தேதிகளோடு வருகிறது, விலையும் கண்ணை இழுக்கிறது. கென்யாவில் மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெரிய மழைக்காலம். லாட்ஜுகள் பாதி காலியாகக் கிடப்பதால் வாடகையைக் குறைக்கிறார்கள், அந்தக் குறைவுதான் நோட்டீசில் ‘சலுகை’ என்று அச்சாகிறது. மழையில் புல் இடுப்பளவு வளர்ந்துவிடும். படுத்திருக்கும் சிங்கம் பத்தடி தூரத்தில் இருந்தாலும் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை மண். மாராவின் சமவெளியில் பெரும்பகுதி கரிசல். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்தில் ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசலில் வண்டி இறக்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: சக்கரத்தில் அப்பி, மட்கார்டில் அடைத்து, வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். அதே மண்தான் அங்கேயும். மழை பெய்த மறுநாள் பாதித் தடங்களில் வண்டி இறங்காது. டிரைவர் கப்பிச் சாலையிலேயே சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அன்றைய மழைக்காகப் பூங்காக் கட்டணத்தில் தள்ளுபடி எதுவும் கிடையாது.

நோட்டீசின் முதல் பக்கத்தில் ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் (மாடு போலத் தோன்றும் பெரிய மான் இனம்) கூட்டத்தின் படம் வேறு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த மந்தை ஏப்ரல், மே மாதங்களில் எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவின் செரங்கெட்டியில் மேய்ந்துகொண்டிருக்கும். மாராவுக்குள் வருவது ஏறக்குறைய ஜூலை கடைசியில். அக்டோபர் வரை அங்கும் இங்குமாக ஆற்றைத் தாண்டிக்கொண்டிருக்கும். எந்த நாள், எந்தத் துறையில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘கிராசிங் உறுதி’ என்று கடை அண்ணாச்சி சொன்னால், குற்றாலத்தில் இந்தத் தேதியில் சாரல் உறுதி என்று சொல்வது போல எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்காட்டியில் இதற்கு ஒரு வாசல் இருக்கிறது, அதை யாரும் விற்பதில்லை: காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும் அங்கே வறண்ட பருவம். புல் மேய்ந்து குட்டையாகி, மந்தை இன்னும் மாராவுக்குள் இருக்கும். பயண நாளையும் சேர்த்தால் பிள்ளைகளுக்கு இரண்டொரு நாள் லீவு சொல்ல வேண்டி வரும். அரையாண்டு விடுமுறையும் மோசமில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் லாட்ஜ் வாடகை உச்சத்தில் நிற்கும்.

பணக் கணக்கு இங்கேதான் திருகும். மசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் 2024 முதல் ஜனவரி-ஜூனில் நாளுக்கு 100 டாலர், ஜூலை-டிசம்பரில் 200 டாலர். 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50 டாலர். டிக்கெட்டின் ஆயுள் காலை 6 முதல் மாலை 6 வரை, 12 மணி நேரம்தான். காப்பகத்துக்குள்ளேயே தங்குகிறவர்கள் புறப்படும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறினால் அந்த நாளுக்குத் தனி டிக்கெட் இல்லை. லாட்ஜ் வாசலுக்கு வெளியே இருந்தால், கடைசி நாள் காலையில் ஒரு சுற்று போகவும் இன்னொரு முழு டிக்கெட் எடுக்க வேண்டும். ஆகவே ‘மாரா லாட்ஜ்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதியிருந்தால் விடாதீர்கள். உள்ளேயா, வெளியேயா, லாட்ஜின் பெயர் என்ன என்று கேளுங்கள். செக்கனானி வாசலுக்கு வெளியே வரிசையாக இருக்கும் கூடார விடுதிகள் மலிவு, சுத்தமாகவும் இருக்கும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மலிவில் ஒரு பங்கை வாசலில் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

பிள்ளைகளின் விடுமுறைக்குக் கட்டுப்படாத ஓய்வு பெற்றவர்கள் ஜனவரி, பிப்ரவரியைப் பார்க்கலாம். மழை குறைவு, கட்டணம் பாதி, வண்டிக் கூட்டமும் குறைவு. பெரிய மந்தை அப்போது தெற்கே குட்டி போட்டுக்கொண்டிருக்கும் என்பது உண்மை. ஆனால் சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி, யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் மாராவிலேயே குடியிருப்பவை, மந்தையோடு போய்விடுவதில்லை.

அடுத்து சாலை. நைரோபியிலிருந்து அம்போசெலி நான்கைந்து மணி நேரம். அங்கிருந்து நகுரு, நைரோபியைத் தொட்டுத்தான் போக வேண்டும், ஏழெட்டு மணி நேரம். நகுருவிலிருந்து மாரா ஐந்தாறு. மாராவிலிருந்து நைரோபி நாரோக் வழியாக இன்னும் ஐந்தாறு. கூட்டினால் 23 மணி நேரத்தை ஒட்டி வருகிறது. எட்டு நாள் பயணத்தில் விமானத்துக்கும் நைரோபிக்கும் போனது போக மிஞ்சுவது ஐந்தரை நாள். அதில் விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை நெடுஞ்சாலையில் லாரியைப் பார்த்துக்கொண்டு கழியும். மூன்று பூங்காவின் பெயர் நோட்டீசில் எடுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றைக் கழிக்கச் சொன்னால் அம்போசெலியைக் கழிக்கலாம். கிளிமஞ்சாரோ பின்னணியில் யானை நிற்கும் காட்சி அங்கேதான் என்பது சரி. ஆனால் 5,895 மீட்டர் உயரமுள்ள அந்த மலை நிற்பது தான்சானியாவில், அதிகாலையிலும் அந்தியிலும்தான் மேகம் விலகும், சில நாள் அதுவும் இல்லை. யானை மாராவிலும் தாராளம். நகுருவைக் கழித்தால் காண்டாமிருகம் போய்விடும். மாராவில் அது இருந்தாலும் கண்ணில் படுவது அபூர்வம். நகுருவில் வேலி போட்ட 188 சதுர கிலோமீட்டருக்குள் கருப்பு, வெள்ளை இரண்டு வகையும் இருப்பதால் ஒரு முழு நாள் சுற்றினால் பார்க்க நல்ல வாய்ப்பு. பூநாரைகளுக்காக மட்டும் நகுரு போகாதீர்கள். ஏரியின் நீர்மட்டம் உயர்ந்து உப்பு குறைந்ததில் பெருங்கூட்டம் பொகோரியா ஏரிப் பக்கம் இடம் மாறிவிட்டது. நோட்டீசில் இன்னும் பழைய இளஞ்சிவப்புப் படமே இருக்கிறது. கடையில் கேட்டுப் பெற வேண்டிய திருத்தம் இது: நைரோபி 1, நகுரு 2, மாரா 3, நைரோபி 1. சாலை நேரம் 15 மணிக்குள் அடங்கும். இடுப்பு வலிக்காரர்கள் மாராவிலிருந்து திரும்பும்போது நைரோபியின் வில்சன் விமான நிலையத்துக்குச் சிறு விமானத்தில் வரலாம், ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். ஆனால் சுமை ஆளுக்கு 15 கிலோ, அதுவும் மடங்கக்கூடிய துணிப் பையில்; சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்றமாட்டார்கள்.

வண்டி விஷயத்தில் திட்டம் மௌனமாக இருக்கிறது. ‘சபாரி வாகனம்’ என்ற இரண்டு சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள். ஒன்று, கூரை தூக்கும் டொயோட்டா வேன். இன்னொன்று, நீளம் கூட்டிய லேண்ட் குரூசர். வேன் காய்ந்த தடத்தில் போதுமானது. ஈரக் கரிசலிலும் ஓடைக் கடப்புகளிலும் திணறும். எதுவானாலும் ஆளுக்கு ஒரு ஜன்னல் உண்டா என்பதுதான் கேள்வி. ஆறு பேர் என்றால் உண்டு. எட்டு, ஒன்பது பேரை அடைத்தால் நடுவில் இருப்பவர் முன்னால் இருப்பவரின் தொப்பியைத்தான் படம் பிடிப்பார். வாய்ச் சொல் போதாது. ‘ஒரு வண்டிக்கு ஆறு பேருக்கு மேல் இல்லை’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டிரைவர்தான் வழிகாட்டியும். அவருக்கு நாள் கணக்கில் டாலரில் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். திட்டத்தின் விலையில் அது சேர்ந்திருக்காது.

காலை 6 மணிக்கே கிளம்புவாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுவதும் சூரியன் ஆறரை மணியை ஒட்டித்தான் உதிக்கும். ஒன்பதரைக்கு மேல் சிங்கம் நிழலில் சாய்ந்துவிடும். ‘காலை உணவுக்குப் பின் சபாரி’ என்று எழுதிய திட்டம் தூங்குகிற சிங்கத்தைக் காட்டும் திட்டம்.

களக்காடு–முண்டந்துறைக் காட்டில் மணிக்கணக்கில் சுற்றி ஒரு மிளாவையும் கொஞ்சம் கருமந்தியையும் மட்டும் பார்த்துத் திரும்பிய ஊர்க்காரர்கள் அதே எதிர்பார்ப்போடு போக வேண்டாம். அது அடர் காடு, இது திறந்த புல்வெளி. விலங்கு கண்ணில் படுமா என்பது இங்கே பிரச்சினையில்லை, தூரம்தான் பிரச்சினை. தலைக்கு ஒரு பைனாகுலர் வேண்டும், 8x42 அளவு போதும். 10க்கு மேல் உருப்பெருக்கம் எடுத்தால் வண்டி உறுமும்போது படம் ஆடும். வாங்கியதும் குளிர்காலத்தில் கூந்தன்குளம் கரைக்குப் போய், பட்டைத்தலை வாத்தைத் தேடிப் பிடித்துக் கை பழகிக்கொள்ளலாம். கேமராக்காரர்கள் ஜன்னல் விளிம்பில் வைக்க ஒரு காலித் துணிப்பையைக் கொண்டுபோய், அங்கே பயறு வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். ஸ்டாண்டு விரிக்க வண்டியில் இடமிருக்காது. டிரோனை வீட்டில் விட்டுவிடுங்கள்.

நோட்டீசில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா போய்வருபவர் ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமை முகாமில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுவதும் போதும். நமக்குப் பக்கம் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். ஒரு குப்பியை உடைத்தால் சில மணி நேரத்துக்குள் பல பேருக்குப் போட்டுத் தீர்க்க வேண்டும் என்பதால் இந்த ஊசியைக் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்கே போடுவது வழக்கம். அசல் பாஸ்போர்ட் இல்லாமல் போகாதீர்கள். 9 மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முட்டை ஒவ்வாமை உள்ளவர், 60 வயது தாண்டியவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஓடுகிறவர்களுக்குப் பத்து நாள் கணக்கு இடிக்கும். மலேரியா மாத்திரை தனி. டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிவந்த பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும்.

கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசா கிடையாது. அதற்குப் பதிலாக இணையவழி முன் அனுமதி, இ.டி.ஏ. கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். கென்ய அரசின் சொந்தத் தளத்தில் 30 டாலரைச் சற்றுத் தாண்டி முடியும் வேலை இது. ‘விசா செலவு’ என்று கடை சில ஆயிரங்களைத் தனியே கேட்டால் எதற்கு என்று கேட்கலாம். பேக்கேஜ் விலையின் மேல் ஜி.எஸ்.டி.யும், டி.சி.எஸ். என்னும் முன்கூட்டிய வருமான வரிப் பிடித்தமும் ஏறும். பின்னதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெற முடியும், ரசீதில் பான் எண் சரியாக இருந்தால்.

‘சென்னை புறப்பாடு’ என்பது நமக்குச் சுற்று வழி. நெல்லையிலிருந்து ஓர் இரவு ரயில், பிறகு காத்திருப்பு, பிறகுதான் விமானம். திருவனந்தபுரம் சாலை வழியாக நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து துபாய், தோஹா, அபுதாபி வழியாக ஒரே டிக்கெட்டில் நைரோபி போகலாம், பெட்டியும் நேராகப் போய்ச் சேரும். ‘விமானம் நீங்கலாக’ விலை கேட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்துக்கொள்வது நெல்லைக்காரர்களுக்கு லாபம்.

சாப்பாட்டில் பெரிய குறையில்லை. லாட்ஜ் பஃபேயில் சப்பாத்தி, பருப்பு, சோறு, கீரைப் பொரியல் கிடைக்கும். சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் மதிய டப்பாவிலும் பார்த்து வைப்பார்கள். டப்பாவைத் திறக்கும்போது பாபநாசம் படித்துறைக் குரங்குகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அங்குள்ளவையும் சளைத்தவை அல்ல. கூடாரங்களில் பல இடங்களில் ஜெனரேட்டர் மாலையிலும் இரவு கொஞ்ச நேரமும்தான் ஓடும். சுவரில் இருப்பது சதுர முள் மூன்று கொண்ட பிரிட்டிஷ் பிளக், நம் சார்ஜர் நுழையாது, அடாப்டர் வேண்டும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துக் காட்டன் சட்டையோடு போகிறவர்கள் முதல் நாள் காலையிலேயே நடுங்குவார்கள். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல்; கூரை திறந்த வண்டியில் விடிகாலைக் காற்று மாஞ்சோலை மார்கழிதான். ஸ்வெட்டரும் காது மூடும் குல்லாவும் எடுங்கள். பட்டாளத்துப் புள்ளிச் சட்டை வேண்டாம்.

பிளாஸ்டிக் கைப்பையைக் கென்யா 2017 ஆகஸ்டிலேயே தடை செய்துவிட்டது. 2020 ஜூனிலிருந்து பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. அல்வா, மிக்சர் கொண்டுபோவதானால் கடைப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள், தண்ணீருக்கும் எவர்சில்வர் பாட்டில்.