குகைக் கூரையில் செடி: மூன்றடித் தொட்டியில் நாலு வருஷ அனுபவம்

பல்லாவரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் மீன் தொட்டிக்கு 2021 ஜூலையில் முதன்முதலாகத் தண்ணீர் நிரப்பினேன். பிளாஸ்டிக் செடி வேண்டாம், கடையில் விற்கும் வர்ணம் பூசிய கோட்டையும் வேண்டாம், உயிர்ச் செடியும் கல் குகையும் மட்டும்தான் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன். நாலு வருஷம் தாண்டிவிட்டது. எது நிலைத்தது, எது போனது என்பதை எழுதி வைக்கிறேன்.

தொட்டி 36 அங்குல நீளம், 15 அகலம், 15 உயரம். மணலும் கல்லும் போக நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நிற்கும். உள்ளே ஒரு ஜோடி கிரிபென்சிஸ், எட்டு ஜீப்ரா டேனியோ, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் பிரிஸ்டில்நோஸ் ஒன்று. கிரிபென்சிஸ் நைஜீரியா, கேமரூன் பக்கத்து ஓடைகளின் மீன். குகைக்குள்தான் முட்டையிடும். இந்த மீனுக்காகத்தான் கல்லைத் தேடி அலைந்தேன்.

கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருநீலக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல்லால் ஆனது, அவர் பெயரே கல்லுக்கும் வந்துவிட்டது. தொட்டிக்கு இது அருமையான கல், தண்ணீரில் எதையும் கரைத்துவிடாது. தெருவில் ஒரு வீட்டு வேலையில் மிஞ்சிய சில்லுகளைக் கேட்டேன். “எடுத்துக்கோங்க சார், இதை எதுக்கு வெச்சிருக்கோம்” என்று கொத்தனார் ஒரு சிமெண்ட் சாக்கு நிறையக் கொடுத்தார். பாலிஷ் போட்ட கிரானைட் துண்டுகளை மட்டும் ஒதுக்கிவிட்டேன், மேலே என்ன பூசியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

எந்தக் கல்லாக இருந்தாலும் தொட்டியில் போடுவதற்கு முன்னால் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். சுற்றுலாவிலிருந்து ஆசையாக எடுத்து வந்த வெள்ளைக் கல் ஒன்று உடனே நுரைத்தது. அது இப்போது துளசி மாடத்தில் இருக்கிறது. கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். தேய்த்துக் கழுவி, பக்கெட்டில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினால் போதும்.

முதல் குகையைத் தப்பாகக் கட்டினேன். மணலைப் பரப்பி, அதன் மேல் கல்லை அடுக்கி, கூரைக்கு ஒரு பலகைக் கல்லை வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி ‘டக்’கென்று சத்தம். ஓடி வந்து பார்த்தால் கூரைக் கல் சரிந்து முன் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கிரிபென்சிஸ் வாயில் மணலை அள்ளி அள்ளித் துப்பிப் பள்ளம் பறிக்கும், அதில் அஸ்திவாரமே போய்விட்டது. பெண் மீன் கல்லுக்கடியில் மாட்டி ஒரு பக்கம் செதில் உரிந்து கிடந்தது. கையை விட்டுக் கல்லைத் தூக்கியபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கண்ணாடி உடையவில்லை, அதுவும் பிழைத்தது. ஆனால் அந்தப் பயம் இன்றும் இருக்கிறது.

அதற்கப்புறம் வைத்த வழிமுறைதான் இன்றுவரை நிற்கிறது. கற்களை வெளியிலேயே சிலிகானால் ஒட்டி, ஒரே துண்டாக ஆக்கி, தொட்டியின் அடிக்கண்ணாடியில் ஒரு மெல்லிய தெர்மாகோல் தகடு வைத்து அதன் மேல் இறக்க வேண்டும். மணல் கடைசியில்தான். மீன் எவ்வளவு தோண்டினாலும் கல் அசையாது. சிலிகான் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் வகையைத் தவிர்த்து, மீன் தொட்டி ஒட்டுவதற்கென்றே விற்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டும்போது வினிகர் வாசனை வரும். அந்த வாசனை முழுக்கப் போகும்வரை தண்ணீரில் இறக்கக் கூடாது. எனக்கு நாலைந்து நாள் ஆகிறது. சிமெண்டில் குகை செய்வதையும் பார்த்திருக்கிறேன். அதைப் பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைத்தால்தான் சுண்ணாம்பு இறங்கும், எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

வாசல் இரண்டு அங்குலம் போதும். பெரிய வாசல் வைத்த குகையை என் மீன்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூரையின் உட்புறம் ஓரளவு வழவழப்பாக இருக்கட்டும், முட்டையை அங்கேதான் தலைகீழாக ஒட்டும். தொட்டியின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு குகை இருந்தால் சண்டையில் துரத்தப்பட்டதற்கு ஒளிய ஓர் இடம் கிடைக்கும்.

செடிக்கு வருகிறேன். முதலில் அமேசான் ஸ்வோர்ட் வாங்கி மணலில் நட்டேன். காலையில் நட்டால் சாயங்காலம் மிதக்கும். மூன்று முறை நட்டேன், மூன்று முறையும் கிரிபென்சிஸ் பிடுங்கிப் போட்டன. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் தண்ணீர்ச் செடி என்று கொடுத்த ஒன்று ஒரே மாதத்தில் அழுகியது. விசாரித்தால் அது தரையில் வளரும் டிரசீனா. அதற்குப் பிறகு செடி வாங்க, சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர்வரை போகிறேன். பத்துக் கடை ஏறி இறங்கி, தண்ணீருக்குள்ளேயே புது இலை விட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

தோண்டுகிற மீனோடு செடியும் வேண்டுமென்றால் அதை மணலில் வைக்கவே கூடாது, குகையின் மேல் வைக்க வேண்டும். இந்த நாலு வருஷத்தில் நான் கற்றதில் பெரியது இதுதான். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் கல்லைப் பிடித்து வளரும் செடிகள். அனுபியாஸ் நம்ம சேம்புக் குடும்பம், கிழங்கு மாதிரித் தடித்த தண்டு ஒன்று இருக்கும். அதை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கருப்பு நூலால் கல்லோடு கட்டிவிட்டால் மூன்று மாதத்தில் வேர் கல்லைக் கவ்விக்கொள்ளும். மெதுவாகத்தான் வளரும், மாதத்துக்கு ஓர் இலை வந்தால் பெரிது. ஆனால் சாகாது. இரண்டாவது வருஷம் தண்ணீருக்குள்ளேயே சின்ன வெள்ளை மடலோடு பூ விட்டது. அம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, “சேப்பங்கிழங்குப் பூ மாதிரியே இருக்கேடா” என்றார். எந்தக் குடும்பம் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. இந்தச் செடியும் நைஜீரியா, கேமரூன் பக்கத்துதான். மீனுக்கு அது சொந்த ஊர்க் கூரை.

மணலில் நட்டது கிரிப்டோகோரைன் மட்டும், அதுவும் வேரைச் சுற்றிக் கூழாங்கல் அடுக்கி. இடம் மாற்றினால் அதன் இலையெல்லாம் கரைந்து கூழாகும். செத்துவிட்டது என்று முதல் செடியைத் தூக்கி எறிந்துவிட்டேன், தப்பு. வேரை விட்டுவைத்தால் ஒரு மாதத்தில் மறுபடி துளிர்க்கிறது.

எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900 வரும். முதல் வருஷம் கிரிபென்சிஸ் முட்டையே இடவில்லை. 2022 ஐப்பசி மழையில், மொட்டை மாடி நன்றாகக் கழுவிப் போன பிறகு பிடித்த மழைத் தண்ணீரை வாரம் இரண்டு பக்கெட் கலந்தேன். மூன்றாவது வாரம் பெண் மீனின் வயிறு நாவல்பழச் சாறு பட்டதுபோல் சிவந்தது. உடம்பை வில்லாக வளைத்து ஆணின் முன்னால் நடுங்கிக் காட்டும். ஒருநாள் குகைக்குள் போனது வெளியே வரவில்லை. ஆண் மட்டும் வாசலில் நின்று டேனியோக்களை விரட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் குஞ்சுகள் வெளியே வந்தன. எண்ண முடியவில்லை, கடுகு தூவினாற்போல ஒரு சின்ன மேகம். தாய் முன்னே போக மேகமும் கூடவே போகிறது. விளக்கணைக்கும் நேரத்தில் வழி தவறிய குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு குகை வாசலில் துப்பிவிட்டு வந்தது. கூரை மேல் ஜாவா மாஸ் இருந்ததால் அதற்குள்ளிருக்கும் நுண்ணுயிர்களைக் கொத்திக்கொண்டே முதல் வாரத்தை ஓட்டின. அப்புறம் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையைப் பொரிக்கவைத்துக் கொடுத்தேன். முப்பதுக்கு மேல் தேறியது.

கஷ்டங்களும் உண்டு. மே மாதம் தண்ணீர் 32 டிகிரிக்குப் போகும், ஜாவா ஃபெர்ன் இலையில் கறுப்பாகப் படரும். மூடியைத் திறந்து ஒரு சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் ஓட விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், அதற்கேற்பத் தண்ணீரும் வற்றும். அனுபியாஸ் இலை ஓரத்தில் கறுப்புப் பாசி மயிர் மாதிரி வந்தபோது, விளக்கை பத்து மணி நேரத்திலிருந்து ஆறாகக் குறைத்ததும் கட்டுக்குள் வந்தது. செடியோடு வரும் நத்தைக்குப் படிகாரத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊற வைத்து அலசுகிறேன், முட்டை சில தப்பிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முப்பத்தாறு மணி நேரம் கரண்ட் இல்லை. செடி இருந்தால் ஏர் பம்ப் வேண்டாம் என்பார்கள், நம்பாதீர்கள். ராத்திரியில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், எனக்கு நள்ளிரவில்தான் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. நானும் தம்பியும் முறை வைத்து, செம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். ஃபில்டர் ஸ்பாஞ்சை வெளியே எடுத்துத் தொட்டியில் தொங்கவிட்டேன், மூடிய டப்பாவிலேயே கிடந்தால் நாறி, கரண்ட் வந்ததும் மொத்த விஷமும் தொட்டிக்குள் போகும். ஒரு டேனியோ போனது. மறுவாரமே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்தேன்.

தாம்பரத்தில் அக்கா பையன் புதுத் தொட்டி வைத்திருக்கிறான். என் குஞ்சுகளில் ஒரு ஜோடி அவனுக்கு. அதற்கான குகை மொட்டை மாடியில் காய்கிறது, வாசலை அரை அங்குலம் குறைத்திருக்கிறேன். இன்று நாலாம் நாள். மோந்து பார்த்தேன், வினிகர் வாசனை இன்னும் லேசாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாம்.