தபாத்தியோ, காஸ்காவின், அரெத்தே: கையைக் கடிக்காத மூன்று பிளாங்கோ டெக்கீலா

டெக்கீலா என்பது அகேவ் என்ற, கற்றாழை போன்ற தாவரத்திலிருந்து வடிக்கும் மெக்சிகோ மது. அதன் பாட்டிலில் ‘100% அகேவ்’ என்று இருந்தால் மட்டும் போதாது. பச்சை அகேவை டிஃபியூசர் இயந்திரத்தில் போட்டு, வெந்நீரால் சத்தை இழுத்து, அமிலத்தால் சர்க்கரையாக்கி வடித்த சரக்கும் அதே வாசகத்தோடுதான் கடைக்கு வருகிறது. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு போன்ற வெந்த அகேவ் மணம் அதில் அநேகமாக இருக்காது. குறைந்த விலையில் பிளாங்கோ, அதாவது மரப்பீப்பாயில் பழுக்கவைக்காத டெக்கீலா, வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, அகேவை எப்படி வேகவைத்தார்கள் என்பதைத்தான்.

தபாத்தியோவும் காஸ்காவினும் செங்கல் அடுப்பில் நிதானமாக வேகவைத்தவை. அரெத்தேயின் அகேவ் ஆட்டோகிளேவ் என்ற மூடிய கலனில் நீராவி அழுத்தத்தில் வேகிறது. அவசரப்படாமல் செய்தால் அதுவும் நல்ல முறைதான்.

மூன்றையும் ஒரே மாதிரி ஒயின் கிளாஸில் 30 மி.லி. ஊற்றி, பத்து நிமிடம் விடுங்கள். ஐஸ், உப்பு, எலுமிச்சை வேண்டாம். குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து இழுத்தால் ஆல்கஹால்தான் ஏறும். விளிம்பருகே, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதல் மடக்கு நாக்கைப் பழக்கத்தான், தீர்ப்பு இரண்டாவதில். நகப்பூச்சு வாடை தூக்கலாக இருந்தால், வடிக்கும்போது முதலில் வரும் பகுதியைச் சரியாக ஒதுக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

டெக்கீலா ஊரில் தயாராகும் அரெத்தேயிலிருந்து தொடங்குங்கள். மூன்றில் இதுதான் மெலிது: எலுமிச்சைத் தோல், பச்சிலை, லேசான உப்புத்தன்மை. மார்கரீட்டா என்ற காக்டெயிலுக்கு இதுவே என் தேர்வு. தனியாகக் குடித்தால் சுவை சீக்கிரம் முடிந்துவிடும்.

எல் அரெனால் ஊரின் காஸ்காவினில் இனிப்பு பின்வாங்கி, ஆலிவ், ஈர மண், மிளகு முன்னால் வருகின்றன. உணவோடு குடிக்க அருமையானது. இனிப்பை எதிர்பார்த்து வருபவருக்கு முதலில் வறட்சியாகப் படும்.

தபாத்தியோ, அரந்தாஸ் மேட்டுநிலத்தில் கமரேனா குடும்பம் 1937-இல் தொடங்கிய லா அல்தெஞா வடிசாலையின் சரக்கு. வெந்த அகேவ் முதலில், பிறகு சிட்ரஸ், கடைசியில் நெடுநேரம் நிற்கும் கருமிளகு. இந்த மிளகுக் காரத்தை ஆல்கஹால் எரிச்சலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: காரம் நாக்கில் நிற்கும், எரிச்சல் தொண்டையைப் பிடிக்கும். சந்தேகம் தீராவிட்டால் 5 மி.லி. தண்ணீர் சேருங்கள். 40% சரக்கு சுமார் 34%-க்கு இறங்கும். எரிச்சல் தணிந்த பிறகும் மிளகு நிற்கும். தனியாகப் பருக ஒரே ஒரு பாட்டில் வாங்குவதென்றால், இதுதான்.