குறட்டை விடுபவரைக் கேட்பதா, பக்கத்தில் படுப்பவரைக் கேட்பதா?

போன பெரும்போகம் முடிந்த கையோடு எங்கள் கிளினிக்கில் ஒரு சின்னத் தகராறு. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் சிறிய வைத்தியசாலை எங்களுடையது. செவ்வாய்க்கிழமை என்றால் பிரஷர், சீனி வருத்தக்காரரின் நாள். உறக்கத்தில் மூச்சடைக்கும் வருத்தம், அதாவது ஸ்லீப் அப்னியா, யார் யாருக்கு இருக்கலாம் என்று அந்தக் கூட்டத்திலிருந்து வடித்தெடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது. மிஸிமாருக்கு, அதாவது தாதியருக்கு, இருக்கும் வேலையில் படிவம் ஒன்றுக்கு மேல் தாங்காது. எப்வர்த் படிவமா, ஸ்டொப்-பாங் படிவமா, படிவமே வேண்டாமென்று இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் இரவல் ஒக்ஸிமீற்றரை விரலில் மாட்டி வீட்டுக்கு அனுப்புவதா? நான் ஸ்டொப்-பாங் பக்கம் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன். ஆனால் அன்று நான் சொன்ன காரணம் வேறு, இன்று எனக்குப் படும் காரணம் வேறு.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. உறங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. மூச்சு முழுதாய் நிற்காமல் வெகுவாகக் குறைந்து போவதும் இதே கணக்கில் சேரும். மணிக்கு 5 தடைகள் தாண்டினால் வருத்தம் உண்டு, 15 தாண்டினால் நடுத்தரம், 30 தாண்டினால் கடுமை. பிரஷர் மருந்துக்கு அடங்காமல் நிற்பது, பகலில் தூங்கி விழுவது, வாகனத்தை வீதியை விட்டு இறக்குவது எல்லாம் இதன் பின்னால் வரக்கூடியவை. இருக்கிறதென்று உறுதியாய்ச் சொல்ல இரவு முழுக்க வயர் மாட்டிச் செய்யும் பரிசோதனையோ, வீட்டில் மாட்டிக்கொள்ளும் அதன் சிறிய வடிவமோ வேண்டும். நான் இங்கே ஒப்பிடும் மூன்றில் எதுவும் அந்த வேலையைச் செய்யாது. யாரை அனுப்புவது என்று மட்டும் சொல்லும். பஸ் மாறி, சில ஊர்களிலிருந்து வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற படகும் ஏறி மட்டக்களப்பு டவுனுக்கு வரும் ஆட்களுக்கு அதுவே பெரிய முடிவு.

எப்வர்த் 1991இல் வந்தது. மெல்பேர்னில் மரே ஜோன்ஸ் என்ற வைத்தியர் உண்டாக்கியது, தான் வேலை செய்த வைத்தியசாலையின் பெயரையே வைத்தார். எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றிலும் கண்ணயர்ந்து போகும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 24, 10ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மிஞ்சியது. காகிதத்தில் அழகான படிவம். எங்கள் கிளினிக்கில் அதை வாசித்துக் காட்டியபோது வாங்கில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து வாசிக்கும்போது தூங்குவீர்களா என்ற கேள்விக்கு, "நான் எப்ப ஐயா வாசிச்சன்?" என்றார் ஒருவர். வீதி நெரிசலில் கார் நிற்கும்போது என்றொரு கேள்வி. நெரிசலுக்கு நாங்கள் எங்கே போக, மாடுகள் கடக்கும்போது நிற்பதைச் சொல்லவா? ஒரு மணி நேரம் வாகனத்தில் பயணியாக என்றால், கொழும்பு பஸ்ஸில் ஏறிய மனிதன் வெலிக்கந்தை வருமுன் தூங்காமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இதெல்லாம் மொழிபெயர்ப்பில் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. எங்கள் ஆண்களில் பாதிப்பேருக்கு நெல் முற்றும் காலத்தில் இரவே கிடையாது. யானைக்குப் பயந்து வட்டையில் பரண் கட்டி, வெடியும் டோர்ச்சுமாகக் காவல். வாவியில் வலை போடுகிறவர்கள் விடிய விடிய முழிப்பு. இவர்களுக்கு எப்வர்த் போட்டால் ஆளுக்கு 14, 15 என்று வரும். மூச்சு அடைக்கிறதா, யானை வந்ததா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. அக்கரைப்பற்றுப் பக்கம் வேலை செய்யும் என் நண்பி, நோன்பு மாதத்திலும் இதே கதைதான் என்கிறாள். ஸஹருக்கு எழும்பும் வீடுகளில் எல்லார் புள்ளியும் கூடிப்போகும். ஆனாலும் அவள் எப்வர்த்தைக் கைவிடவில்லை. மணல் லொறி ஓடுகிறவர்களிடம் தூக்கத்தைப் பற்றி வாய் திறக்க வைக்க அது நல்ல சாக்கு என்பது அவள் கட்சி. எனக்கு அதில் பாதி உடன்பாடு. ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிறவன் அந்தத் தாளில் உண்மையை எழுதுவான் என்று நான் நம்பவில்லை.

இனி நான் பிடித்த பக்கம். ஸ்டொப்-பாங் கனடாவில் டொரொண்டோவில் பிரான்சஸ் சுங் என்ற மயக்க மருந்து நிபுணரின் குழு 2008இல் வெளியிட்டது. சத்திரசிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக உண்டாக்கியது. எட்டும் ஆம், இல்லை கேள்விகள்: சத்தமான குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நின்றதை யாராவது பார்த்தது, பிரஷர், உடல் நிறைச் சுட்டி (பி.எம்.ஐ.) 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேல், ஆண். 2 வரை குறைந்த வாய்ப்பு, 3 அல்லது 4 நடுத்தரம், 5இலிருந்து கூடிய வாய்ப்பு. மூன்றை எல்லையாக வைத்தபோது அவர்களுடைய ஆய்வில் நடுத்தர, கடுமையான நோயாளிகளில் 93 வீதம் அளவில் பிடிபட்டார்கள். மறுபக்கம், அந்த அளவு வருத்தம் இல்லாதவர்களில் 43 வீதத்தினரைத்தான் சரியாக விட்டுவிட்டது. வலை நெருக்கமானது, சின்ன மீனும் சேர்ந்து வரும். அன்று கூட்டத்தில் நான் சொன்ன காரணம் இந்த 93தான்.

மூன்று செவ்வாய் போனதும் அதன் கோளாறு தெரிந்தது. எங்களுடையது பிரஷர் கிளினிக். ஐம்பது தாண்டிய எந்த ஆணும் உள்ளே வரும்போதே பிரஷருக்கு ஒன்று, வயதுக்கு ஒன்று, ஆணாய்ப் பிறந்ததற்கு ஒன்று என்று மூன்று புள்ளியோடுதான் வருகிறார். இன்னும் வாயே திறக்கவில்லை! எல்லாரையும் அனுப்பினால் டவுனில் எங்களைத் திட்டுவார்கள். உடல் நிறைச் சுட்டி 35 என்பதும் எங்கள் ஆட்களுக்குப் பொருந்தாது; தாடை அமைப்பால் ஆசியர்களுக்கு மெலிந்த உடம்பிலும் இந்த வருத்தம் வருகிறது, அதனால் 30 என்றும் 27.5 என்றும் இறக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆக, இலவசப் புள்ளிகளைக் கழித்துப் பார்த்தால் படிவத்தின் பாரம் முழுக்க இரண்டு கேள்விகளில் வந்து நிற்கிறது: குறட்டையும், மூச்சு நின்றதைப் பார்த்ததும். இரண்டுக்கும் நோயாளிக்கு விடை தெரியாது. அவர்தான் நித்திரையாயிற்றே.

அந்த நேரம்தான் ஒரு கமக்காரர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மூன்று வகை பிரஷர் மாத்திரை, இன்னும் இறங்கவில்லை. "குறட்டையா? அப்படியொண்டும் இல்ல. படுத்தா நல்ல நித்திர" என்றார். மிஸி 'இல்லை'யில் கோடு போட்டுவிட்டார். மனைவி வெளியே வாங்கில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தா. ஏதோ மருந்துக் கணக்குக் கேட்கத்தான் கூப்பிட்டேன். பேச்சோடு பேச்சாக நித்திரையைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா கணவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னா: "நல்ல நித்திரையா? மூச்சு நிண்டா நான் எண்ணிக்கிட்டுக் கிடப்பன் டொக்டர். பதினஞ்சு, இருவது எண்ணுவன். பிறகு பண்டி உறுமுறாப்போல ஒரு சத்தத்தோட வரும். வராட்டி காலால ஒரு தட்டு." எத்தனை வருடமாக? "கடைசிப் பொடியன் பிறந்த காலம் தொட்டு." அந்தப் பொடியன் ஏ.எல். பரீட்சை எடுத்துவிட்டான்.

படிவத்தில் அவருடைய புள்ளி நான்கிலிருந்து ஆறானது. மாத்திரையோ கழுத்தோ மாறவில்லை, பதில் சொன்ன வாய் மட்டும் மாறியது. என் இன்றைய காரணம் இதுதான். மூன்று வழிகளிலும் பக்கத்தில் படுப்பவருக்குத் தனியாக ஓர் இடம் வைத்திருப்பது ஸ்டொப்-பாங் மட்டுமே. எப்வர்த்தில் அவருக்கு இடமில்லை, ஒக்ஸிமீற்றருக்கு அவர் தேவையில்லை. அன்றிலிருந்து கிளினிக்குக்குக் கூட வந்தவரை உள்ளே கூப்பிட்ட பிறகே படிவத்தை எடுக்கிறோம். மனைவிக்குக் கணவர் முன்னால் சொல்லக் கூச்சமென்றால் மிஸி தனியாகக் கேட்பார். ஒருத்தி சொல்லாமல் போனில் பிடித்துக் கொண்டுவந்து காட்டினாள். இருட்டில் படம் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் போதுமாக இருந்தது.

கழுத்தளவு சின்ன விசயம், ஆனால் எங்களை ஏமாற்றியது. தையற்காரரின் பழைய துணி நாடாதான் வைத்திருந்தோம். ஒருநாள் குழந்தைகளை அளக்கும் பலகையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் நாடாவின் 100 பலகையில் 102½இல் நிற்கிறது. இழுபட்டுப்போன நாடா. 41 உள்ள கழுத்தெல்லாம் 40 என்று காட்டி, ஒரு புள்ளி தவறியிருக்கிறது. பைபர் நாடா வாங்கினோம், குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே பிடிக்கச் சொல்லியிருக்கிறோம். பின்னாளில் ஆணுக்கு 43, பெண்ணுக்கு 41 என்று மாறிய வடிவமும் உண்டு. நாங்கள் 40இலேயே நிற்கிறோம்.

ஒக்ஸிமீற்றருக்கு வருவோம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய சின்ன விரல் மெஷின் இதற்கு உதவாது, இரவு முழுக்கப் பதிந்து வைக்கும் வகை வேண்டும். எங்களிடம் இரவல் இரண்டு. ஒட்சிசன் 3 அல்லது 4 வீதம் எத்தனை தடவை இறங்கி ஏறியது என்று எண்ணிச் சொல்லும். கடுமையான ஆளின் வரைபடம் வாள் பல்லுப்போல் இருக்கும், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. பொய் சொல்லாத சாட்சி என்பது இதன் பெரிய பலம். கஷ்டம் வேறு இடத்தில். ஒரு மெஷின் நாற்பது நிமிடப் பதிவோடு திரும்பி வந்தது. நடுச்சாமம் யானை வந்த சத்தம் கேட்டுக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர் பிறகு மாட்டவில்லை. நகப்பூச்சு இருந்தால் அளவு பிழையாக வரலாம். பதிவு நன்றாக இருந்துவிட்டால் வருத்தமே இல்லையென்று விடவும் முடியாது. ஒட்சிசன் பெரிதாய் இறங்காமல் மூச்சு மட்டும் தடைப்படுகிறவர்கள் தப்பிவிடுவார்கள். எல்லாருக்கும் முதல் வடியாக இதை வைக்க இரண்டு மெஷின் போதாது. இருபது மெஷின் தருகிறோம் என்றால் என் கட்சி மாறக்கூடும்.

பெண்களைப் பற்றி என்னால் இவ்வளவு தைரியமாகப் பேச முடியாது. ஆண் என்ற புள்ளி இல்லை, கழுத்தும் சிறிது. மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கும் வாய்ப்புக் கூடுகிறது, ஆனால் வருவது தலையிடி, நித்திரை வராமை, உடம்பு அலுப்பு என்று. கணவரைக் கேட்டால், "அவள் எனக்குப் பிறகு படுத்து எனக்கு முதல் எழும்புறவள்" என்கிறார். சாட்சியே இல்லை. மகளைக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம், பலன் சொல்ல இன்னும் ஆட்கள் காணாது.

படிவத்தின் தலையில் நாங்களாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'பதில் சொன்னவர் யார்?' தான், துணை, பிள்ளை, ஒருவருமில்லை என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தில் கோடு விழுகிறவர்கள் நான் நினைத்ததைவிடக் கூட. மனைவி குவைத்தில், பிள்ளைகள் அம்மம்மா வீட்டில், இவர் தனியாகத் திண்ணையில். இரண்டு மெஷினும் முதலில் அவர்களுக்குத்தான் போகிறது.