புரட்டாசி முட்டைக்கு எது சரி: பானையா, ஃப்ரிட்ஜா, ஃப்ரீசரா, சுண்ணாம்பு ஜாடியா?

குறுவை அறுப்பு முடிந்து களத்தில் நெல் சிதறிக் கிடக்கும் நாட்கள்தான் கோழிகளுக்குத் தீபாவளி. மேய்ச்சல் பலமானதும் முட்டையும் கூடும். வீட்டிலோ புரட்டாசி. கவிச்சி கிடையாது, முட்டையும் அதில் சேர்த்திதான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில் நான்கு பெட்டைகள் இடுகின்றன. நாளுக்கு இரண்டு, சில நாள் மூன்று. மாதம் முடிவதற்குள் 70 சேர்ந்துவிடும். அக்கம்பக்கம் கொடுக்கலாமென்றால் அவர்கள் வீட்டிலும் புரட்டாசிதானே!

அப்பாயி இருந்தவரை தவிட்டுப் பானைதான். கூர்முனை கீழே இருக்கும்படி புதைத்து வைப்பார். ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். அதற்கு மேல் நம் ஊர் வெக்கையில் நம்ப முடியாது. சேவலோடு திரியும் கோழியின் முட்டையில் கரு கூடியிருக்கும். அடை வைக்காமலே, அறைச் சூட்டிலேயே அது கொஞ்சம் வளரத் தொடங்கும். உடைத்துப் பார்த்தால் மஞ்சளில் சிவப்பு நரம்பு ஓடியிருக்கும். அடைக்கு எடுத்து வைக்கிற முட்டைக்கு மட்டும் பானை போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதக் கணக்கு மட்டும்தான் என்றால் ஃப்ரிட்ஜை மிஞ்ச எதுவும் இல்லை. கழுவாமல் வைக்க வேண்டும். ஓட்டின் மேல் கோழியே பூசி அனுப்பிய மெல்லிய படலம் ஒன்று உண்டு. தண்ணீர் பட்டால் அது போய்விடும், கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைக்கலாம். கதவிலிருக்கும் குழித்தட்டில் மட்டும் அடுக்க வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் அங்கேதான் சூடு ஏறும். உள்தட்டில் வைத்தால் நாலைந்து வாரம் தாராளமாக நிற்கும். ஒரே சிக்கல், இட்லி மாவுத் தூக்கோடு இடச்சண்டை.

ஃப்ரீசருக்கு வருவோம். முதல் தடவை விவரம் தெரியாமல் ஆறு முட்டையை ஓட்டோடு உள்ளே வைத்தேன். காலையில் ஆறும் நெடுக வெடித்து, விரிசலில் வெள்ளை பிதுங்கி உறைந்திருந்தது. உள்ளிருக்கும் நீர் உறையும்போது விரியும், ஓடு என்ன செய்யும்? உடைத்து ஊற்றித்தான் வைக்க வேண்டும். மஞ்சளைத் தனியாக வைத்தால் பசை போல இறுகி, பிறகு கரையவே கரையாது. வெள்ளையோடு சேர்த்து, நுரை வராமல் கலக்கி, ஒரு கப்புக்கு அரை டீஸ்பூன் உப்புப் போட்டால் இறுகாது. கேக்குக்கு என்றால் உப்புக்குப் பதில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் சர்க்கரை. டப்பாவின் மேல் தேதியோடு எத்தனை முட்டை என்றும் எழுதுங்கள், கலக்கிய பிறகு எண்ண முடியாது. உப்பா சர்க்கரையா என்று எழுதாமல் வைத்து ஒருமுறை உப்புப் போட்டதில் கேக் செய்தோம், அந்தக் கதை வேண்டாம்.

மைனஸ் 18 டிகிரியில் ஒரு வருடம் வரை இருக்கும் என்பது கணக்கு. நம் வீட்டு ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜின் மேல் பெட்டி அந்தக் குளிரைப் பிடித்து வைப்பதில்லை, அதனால் நான் இரண்டு மாதம் தாண்டுவதில்லை. முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விட்டால் ஆம்லெட், பொடிமாஸ், முட்டை தோசை எல்லாம் வித்தியாசம் தெரியாது. அவித்த முட்டையையும் ஆஃப்பாயிலையும் மறந்துவிட வேண்டும். அவித்ததை உறைய வைக்கலாமே என்றால், வெள்ளை ரப்பராகித் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

ஃப்ரீசரின் பெரிய எதிரி புரட்டாசிக்குப் பின்னால் வருகிற புயல் மாதங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறிய பிறகு டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சுண்ணாம்பு ஜாடிக்கு மார்க் போடுவேன்.

லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலைக்கடை ரோஸ் கலர் டப்பா ஆகாது, ஒன்றும் கலக்காத வெள்ளை வேண்டும். ஊறுகாய் ஜாடி அல்லது கண்ணாடிப் பாத்திரம், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். அன்றன்று இட்ட, சுத்தமான, கழுவாத, கீறல் இல்லாத முட்டையை மட்டும் மெதுவாக இறக்கி, தண்ணீர் எப்போதும் இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி மூடி வைக்க வேண்டும். ஓட்டின் துளைகளைச் சுண்ணாம்பு அடைத்துவிடும். ஆறு மாதம், எட்டு மாதம் என்பதெல்லாம் குளிர்தேசத்து நிலவறைக் கணக்கு. நம் அடுப்படிக்கு நான் வைத்திருக்கும் எல்லை இரண்டு மாதம். எடுத்ததும் கழுவி, தனிக் கிண்ணத்தில் உடைத்து மோந்து பார்த்து, நன்றாக வேகவைத்தே சாப்பிடுகிறோம். வெள்ளை சற்று நீர்த்திருக்கும். அவிப்பதானால் அகலமான முனையில் ஊசியால் ஒரு துளை, இல்லையென்றால் காற்று போக வழியில்லாமல் சட்டியிலேயே வெடிக்கும்.

இந்த வருடம் ஜாடியில் 30, ஃப்ரிட்ஜில் 25, கீறல் விழுந்தவை மட்டும் அன்றன்றே உடைத்து ஃப்ரீசரில். மிச்சத்துக்கு வேலை வைக்காமல் செவலைக்கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. 21 நாள் கழித்துக் குஞ்சு பொரிக்கும்போது ஐப்பசி மழை பிடித்திருக்கும், அதற்கு இப்போதே திண்ணையில் பஞ்சாரத்துக்கு இடம் பார்க்க வேண்டும்.