வீட்டு வாசலுக்கு வரும் கிழமைக் கடன்: எங்கள் குழுவுக்கு நடந்தது

"அடகு வேண்டாம். பிணைக்கு அரச ஊழியர் வேண்டாம். ஐந்து பெண்கள் சேர்ந்து வந்தால் போதும், காசு உடனே கையில்." இப்படிச் சொல்லிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வரும் நுண்கடன் கம்பனிக்காரர்கள் மீண்டும் எங்கள் பக்கம் நடமாடத் தொடங்கியிருக்கிறார்கள். வன்னியில் தர்மபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையிலுள்ள ஊர்களில் மரத்தடிக் கூட்டங்கள் நடப்பதாக அறிந்தேன். அந்தக் கூட்டங்களுக்குப் போகும் சகோதரிகள் எனக்கும் என் குழுவிலிருந்த நான்கு பெண்களுக்கும் நடந்ததைத் தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கூலி வேலையும் கச்சான் செய்கையுமாகப் பிள்ளைகளை வளர்த்தவள். 2009க்குப் பிறகு கணவர் இல்லை. வன்னியில் இது ஒன்றும் புதுக்கதை அல்ல. எங்கள் ஒழுங்கையிலேயே பெண்கள் மட்டும் உழைத்துக் கொண்டுசெல்லும் வீடுகள் பல இருக்கின்றன. காசு இல்லாமல் நாளைக் கொண்டுசெல்ல எங்களுக்குத் தெரியும். ஒரு தேங்காயை இரண்டு நாளுக்குப் பிரிப்போம். வளவில் முருங்கை நிற்கிறது, வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்காணி கிடைக்கிறது. விறகுக்குக் காசு இல்லை. மாவுக்கும் சீனிக்கும் கடைக்காரரிடம் ஒரு கொப்பி. கூலிக் காசு வரும் நாளில் அதில் பாதியாவது கழியும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக எங்களைத் தாங்கி நிறுத்தியது கைமாற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டு அக்கா ஐநூறு தருவார். அவருக்கு அரிசி முடிந்தால் நான் இரண்டு கொத்து அளந்து கொடுப்பேன். வட்டி இல்லை, எழுத்து இல்லை, ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

இந்த நிறுவனங்கள் ஈடாக எடுத்துக்கொள்வது அந்த நம்பிக்கையைத்தான். நகையோ காணி உறுதியோ கேட்பதில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். முதல் நாளில் அது உதவிபோலத்தான் இருக்கிறது.

2018 ஐப்பசியில், காலபோகத்துக் கச்சானுக்கு நிலம் உழவும் விதை வாங்கவும் 50,000 ரூபா கேட்டேன். "வட்டி 30 வீதம், கிழமைக்கு 1,250 ரூபா, 52 கிழமை" என்றார்கள். கையில் வந்தது 46,500. பத்திரச் செலவு 1,000, காப்புறுதி 1,500, மையச் சேமிப்பு 1,000 என்று கழித்துவிட்டார்கள். கழிப்பார்கள் என்று கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. வட்டியை மட்டும் கழிக்காத 50,000க்கே போட்டார்கள். அந்த மையச் சேமிப்பு இன்றுவரை திரும்பி வரவில்லை.

இந்த 30 வீதக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஏமாற்று இதற்குள்தான் இருக்கிறது. 1,250 ரூபாவை 52ஆல் பெருக்கினால் 65,000. 15,000 வட்டி என்றால் 30 வீதம் சரிதானே என்று தோன்றும். ஆனால் 50,000 ரூபாவும் ஒரு வருடம் முழுவதும் என் கையில் இருக்கவில்லை. முதலாவது கிழமையிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அரை வருடத்தில் 32,500 ரூபா கட்டி முடிந்துவிடும். அப்போதும் வட்டி முழு 50,000க்கும்தான் ஓடுகிறது. ஊரில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பிறகு இருந்து கணக்குப் பார்த்துச் சொன்னார்: குறைந்துகொண்டு போகும் கடன்மீதிக்கு வட்டி கணித்தால் இது வருடத்துக்கு ஏறத்தாழ 54 வீதம், உண்மையில் கையில் வந்த 46,500ஐ வைத்துப் பார்த்தால் 70 வீதம். 30 என்று வாயால் சொல்லி 70 அறவிடுவதற்கு வேறு என்ன பெயர்? அரச வங்கியில் தோட்டை அடகு வைத்தால்கூட வட்டி இதற்குக் கிட்டவும் வராது.

கையெழுத்து வைத்த பத்திரங்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தன. சில இடங்கள் வெறுமையாகவே இருந்தன. "அலுவலகத்தில் நிரப்பிக்கொள்வோம்" என்றார்கள். தமிழில் ஒரு பிரதி கேட்டதற்கு அச்சடித்து முடியவில்லை என்ற பதில் வந்தது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி ஆகிவிட்டது. ஆனாலும் தமிழ்ப் பெண்களுக்கு மட்டுமே கடன் கொடுக்கும் ஒரு கிளையில் தமிழ்ப் பத்திரம் இல்லை. படிக்காமல் கையெழுத்து வைத்தார்கள் என்று எங்களைக் குறை சொல்பவர்கள் முதலில் அந்த நிறுவனத்திடம் இதைக் கேட்கட்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் மூன்றாம் கிழமை முடிவில் கொட்டிய மழையை இங்கு யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளும் வயல்களும் ஒன்றாய் நீருக்குள் போயின. கச்சான் தண்ணீர் தேங்கினால் தாங்காது; காய் நிலத்துக்குள்ளேயே அழுகும், தப்பியது முளைவிடும். எங்கள் குழுவில் மூன்று பேருடைய செய்கை முழுவதும் போய்விட்டது. நாங்கள் பிள்ளைகளோடு பாடசாலையில் தங்கியிருந்தோம். கிழமைக் காசு அறவிடும் இளைஞர் அந்தப் பாடசாலைக்கே வந்தார். நிவாரணமாக வந்த பாய்களில் நாங்கள் உட்கார்ந்திருக்க, அவர் வாசலில் நின்று பெயர் கூப்பிட்டார். "தம்பி, தண்ணீர் வற்றட்டும், வீட்டுக்குப் போன பிறகு சேர்த்துக் கட்டுகிறோம்" என்று கேட்டோம். "அக்கா, நான் இன்று காசு கொண்டுபோகாவிட்டால் என் சம்பளத்தில் வெட்டுவார்கள்" என்றார். அந்தப் பிள்ளையும் எங்களைப்போல வறுமைப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர்தான். அதற்காக அவர் பிறகு செய்ததை என்னால் மன்னிக்க முடியாது.

தை பிறந்ததும், கட்டிய கிழமைக் காசைப் பதியும் எங்கள் ஐவரின் அட்டைகளையும் கணக்குப் பரிசோதனைக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அட்டை இல்லாத கிழமைகளிலும் காசு வாங்கினார். "பிறகு சேர்த்து எழுதித் தருகிறேன்" என்பார். பற்றுச்சீட்டு கேட்டால் புத்தகம் முடிந்துவிட்டது என்பார். பங்குனியில் புதிய அட்டைகள் வந்தன. அவற்றில் என்னுடைய காசில் 8,750 ரூபா இல்லை. மற்றவர்களின் அட்டைகளிலும் அப்படியே. அடுத்த கிழமை வேறு ஒருவர் அறவிட வந்தார். முன்னவர் வேலையிலிருந்து விலகிவிட்டாராம்.

பஸ் ஏறிக் கிளிநொச்சிக் கிளைக்குப் போனோம். கூலி வேலையை விட்டுவிட்டுப் போகும் ஒவ்வொரு நாளும் எங்களுக்கு இரட்டை நட்டம் என்பது அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவருக்குத் தெரியும். காத்திருக்க வைத்தார். பிறகு கணினியைத் திருப்பிக் காட்டி, "எங்கள் கணக்கில் இந்தக் காசு வரவில்லை. நீங்கள் அவரிடம் கொடுத்ததற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். நிறுவனத்தின் சட்டை போட்டு, நிறுவனத்தின் பையோடு, நிறுவனம் அனுப்பிய ஆளிடம் கொடுத்த காசுக்கு நாங்களாம் ஆதாரம் காட்டவேண்டும். நிலுவை என்று சொல்லித் தாமதக் கட்டணமும் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மிகவும் அன்பாக ஒரு வழியும் சொன்னார்: புதிதாக 80,000 ரூபா கடன் தருகிறோம், பழையதை அதில் கழித்துக்கொள்வோம், மீதியைக் கொண்டுபோங்கள்.

இந்த இடத்தில்தான் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். வன்னியில் பெரும்பாலான பெண்கள் சிக்குவது முதற்கடனில் அல்ல, அதை மூட எடுக்கும் இரண்டாம் கடனில். எங்கள் குழுவில் இருவர் அதை எடுத்தார்கள். பழைய கடனின் எஞ்சிய வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்துக் கழித்து, மறுபடியும் பத்திரச் செலவும் காப்புறுதியும் வெட்டி, மீதியைத்தான் கையில் கொடுத்தார்கள். அதில் ஒருவர் அந்தக் கிழமைக் காசைக் கட்ட வேறு ஒரு நிறுவனத்திடம் போனார். இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் போதாமல், கூரையை முடிக்க எடுத்த கடன் ஏற்கெனவே அவருக்கு இருந்தது. திங்கட்கிழமை ஒரு கம்பனி, புதன்கிழமை ஒரு கம்பனி, வெள்ளிக்கிழமை ஒரு கம்பனி என்று அவருடைய கிழமையையே அவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அவர் பின் வளவுக்கு ஓடுவதை அவருடைய பிள்ளைகள் பார்த்தார்கள்.

காசு சேரும்வரை அறவிடுபவர் இருட்டிய பிறகும் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருப்பார். ஆண் துணை இல்லாத வீட்டில் அது என்ன பேச்சைக் கிளப்பும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மற்ற நால்வரையும் கூட்டிவந்து, "இவருக்காக நீங்கள் போடுங்கள்" என்பார். எனக்கு ஐநூறு கைமாற்றுத் தந்த அந்த அக்கா ஒருநாள் என் வாசலில் நின்று, "உன்னால் என் பிள்ளையின் கொப்பிக் காசு போயிற்று" என்று கத்தினார். அவரில் பிழை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு நான் அரிசி கேட்டுப் போகவில்லை, அவரும் வரவில்லை. 8,750 ரூபாவைவிட எனக்கு இதுதான் பெரிய இழப்பு.

நான் இரண்டாம் கடன் எடுக்கவில்லை. தோட்டை அரச வங்கியில் அடகு வைத்துக் கணக்கை முடித்தேன். எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு பள்ளிப் பிள்ளையின் கொப்பி. குழுவிலிருந்த ஒருவரின் மகள் ஒவ்வொரு கிழமையும் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று திகதியோடு எழுதி, காசு வாங்கியவரிடம் விளையாட்டாகக் கையெழுத்தும் வாங்கியிருந்தாள். அதைப் பிரதி எடுத்து, தமிழில் முறைப்பாடு எழுதி, மத்திய வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்தோம். நிறுவனம் தாமதக் கட்டணத்தை நீக்கியது. களவுபோன காசை மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இது எங்கள் ஊரோடு நின்ற கதை அல்ல. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போவதைப் பகிரங்கமாகச் சொன்னார். அதே ஆண்டு, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. எங்கள் கடன் அதற்குப் பிந்தியது என்பதால் அது எங்களுக்கு உதவவில்லை. அடுத்த தள்ளுபடி வரும் என்று நம்பி யாரும் கடன் எடுக்கவேண்டாம்.

காசு கட்டாயம் தேவை என்றால், முதலில் உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தையும் கேளுங்கள். தொகை சிறிதாக இருக்கும், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் கணக்கு உங்கள் ஊராரின் கண்முன்னே இருக்கும். அப்படியும் கம்பனியிடம்தான் போகவேண்டும் என்றால் கிழமைக் காசைக் கேட்காதீர்கள், மொத்தமாக எவ்வளவு கட்டவேண்டும், கையில் எவ்வளவு வரும் என்று கேட்டு, இரண்டையும் தமிழில் எழுதி முத்திரையோடு தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெறும் இடம் உள்ள தாளில் கையெழுத்து வேண்டாம். அடையாள அட்டையின் மூலத்தையும் வங்கி அட்டையையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். பற்றுச்சீட்டு இல்லை என்றால் அன்று காசும் இல்லை.

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்களுக்கு: கடன் கட்ட முடியாமற் போவது சிவில் விவகாரம். அதற்காகப் பொலிஸில் அடைப்போம் என்பது வெறும் மிரட்டல். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்கள் வீட்டுப் பொருளைத் தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு உரிமை கிடையாது. இரவில் வந்து உட்கார்ந்திருந்தால், மிரட்டினால், நீங்கள்தான் பொலிஸில் முறைப்பாடு செய்யவேண்டும். அந்த நிறுவனம் அனுமதி பெற்றதா என்பதை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தில் கேட்கலாம். முறைப்பாட்டையும் அங்கேயே தொடங்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை இலவசம். பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுக்கும்போது உங்கள் பிரதியிலும் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதற்கடிதம் வந்து சேரவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.