பர்ன்ஸ் சப்பருக்கு ஆப்பில் சமையல்காரர் பிடிக்கப் போகிறீர்களா? எங்களுக்கு 1,280 பவுண்டு போச்சு

நேற்று ஜனவரி 25, கிளாஸ்கோவில் பர்ன்ஸ் சப்பர், அதாவது ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்து. 40 பேர், தலைக்கு 32 பவுண்டு, ஆக 1,280 பவுண்டு. முழுசும் முன்பணம். சமையல்காரர்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு ஆப்பில் கிடைத்த ஆள்.

நம்பியது ஒரே ஒரு கேள்வியால்தான். "கவிதை வாசிக்கிறவர் எந்த வரியில கத்தியை இறக்குவார்? அதுக்கு முன்னாடியே நான் ஃபாயிலை உரிச்சிடணும்" என்றான் போனில். பேக்பைப் வாத்தியம் முன்னே போக ஹாகிஸை (ஆட்டின் ஈரல், இதயம் போன்றவற்றை ஓட்ஸோடு தோலுக்குள் அடைத்து அவித்த உருண்டை) தட்டில் ஏந்தி வந்து, பர்ன்ஸ் அதன்மேல் பாடிய வாழ்த்தை வாசித்து, பாதியில் கத்தியால் பிளப்பதுதானே இந்த விருந்துக்கே உயிர்! இது தெரிந்தவனுக்குச் சமையல் தெரியாதா என்று நினைத்தோம். "கார்டு வேண்டாம், பேங்க்ல போட்டுடுங்க, மூணு பாட்டில் சிங்கிள் மால்ட் விஸ்கி நம்ம கணக்கு" என்றான். போட்டோம்.

ஹாகிஸ் கடையிலிருந்தே வெந்துதான் வரும். ஃபாயிலில் சுற்றி, தண்ணீர் தளதளக்காமல் ஓரத்தில் மட்டும் குமிழி விடும் சூட்டில் வைக்க வேண்டும். இரண்டு கிலோ உருண்டைக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். இவன் அவசரத்துக்குக் கொதிக்கவிட்டிருக்கிறான். தோல் வெடித்து, தண்ணீர் உள்ளே போய், ஓட்ஸெல்லாம் கூழ். கத்தி இறங்கியதும் ஆவி பறக்கவில்லை, பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. தெர்மாமீட்டர் குத்தினால் நடுவில் 51 டிகிரி. ஸ்காட்லாந்தில் உணவைத் திரும்பச் சூடாக்கினால் 82 டிகிரி தொட வேண்டும் என்பது சட்டம்.

அதைவிடக் கொடுமை, பருப்பும் பீன்ஸும் போட்ட சைவ ஹாகிஸும் அதே பானையில்! மேலே ஆட்டுக் கொழுப்பு மிதக்கிறது. சைவக்காரர்கள் ஒன்பது பேர் உருளைக்கிழங்கு மசியலோடு எழுந்தார்கள்.

ஹாகிஸோடு மசித்து வைக்கும் நீப்ஸ் என்றால் இங்கே மஞ்சள் சதையுள்ள பெரிய டர்னிப் கிழங்கு. வந்தது சின்ன வெள்ளை டர்னிப், வடிக்காமல் மசித்தது. கடைசியில் வரும் க்ரீம் இனிப்பான க்ரானகனைக் காலையிலேயே கலந்துவிட்டான். வறுத்த ஓட்ஸ் க்ரீமைக் குடித்துப் பசையாகிவிட்டது. பரிமாறும் முன்தான் கலக்க வேண்டும், இதுகூடவா தெரியாது? விஸ்கி கண்ணாடி ஜாடியில் வந்தது, லேபிளே இல்லை. ஆளுக்கு 25 மில்லி வீதம் இரண்டு சுற்று என்றால் இரண்டு லிட்டர், அதாவது 700 மில்லி பாட்டில் மூன்று. இரண்டாவது சுற்றில் பாதி மேசைக்கு முன்பே ஜாடி காலி.

ராத்திரியே கேட்டோம். "ஹாகிஸ்னா அப்படித்தான் இருக்கும், உங்களுக்குப் பழக்கமில்லை" என்றான். காலையில் "டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன்". இப்போது போனையே எடுப்பதில்லை. ஆப்காரர்களோ "நாங்கள் அறிமுகம் மட்டும்தான், பணம் எங்கள் வழியாக வரவில்லையே" என்கிறார்கள். 1,280 பவுண்டு!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் என்றால் நுகர்வோர் கடன் சட்டத்தின் செக்ஷன் 75 படி கார்டு கம்பெனியிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சைவத்துக்குத் தனிப்பானை என்று எழுதி வாங்குங்கள். சீல் உடையாத பாட்டில் கண்ணில் படாமல் விஸ்கியை ஒப்புக்கொள்ளாதீர்கள். தெர்மாமீட்டரைப் பையில் வைத்திருங்கள், மேடைக்குப் போகும் முன்பே குத்திப் பாருங்கள்.